இரண்டு படிக்கு ஒரு ‘ஆம்’

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல்வலியில் கிடைத்தது. பல் மருத்துவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தேடி, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த இணைய வரைபடத்தைத் திறந்தேன். விரல் தவறி ஒரு நூலகத்தின் மேல் பட்டுவிட்டது. உடனே அதன் திருத்த வரலாறு விரிந்தது. ‘சக்கர நாற்காலி: ஆம்’ என்று ஒருவர் குறித்திருந்தார். இன்னொருவர் அதை ‘இல்லை’ ஆக்கியிருந்தார். மறுபடி ஆம். மறுபடி இல்லை. காரணம் எழுதும் கட்டத்தில் முதலாமவர், ‘நேரில் போய் வந்தேன்’ என்று எழுதியிருந்தார். இரண்டாமவர், ‘நானும் நேரில்தான் போய் வந்தேன்.’

பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழுந்தால் எனக்கு எந்த வலியும் மறந்துபோகும். அந்த இருவரும் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்.

‘வரைபடம் என்பது உலகைப் பற்றி மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்—’

(வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.)

‘மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவள்—’

(மழை எதற்கு? சோம்பல் வந்தால் மழையைக் கூப்பிடுவது என் வழக்கம்.)

நேராகவே சொல்கிறேன். அவள் ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். தங்கை என்றே கூப்பிடுவோம், ஏனென்றால் அவளுக்கு ஓர் அக்கா உண்டு. அக்கா சக்கர நாற்காலியில் இருப்பவள். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறாள். அடுத்தவர் பிழையைப் பிடிப்பது தொழில் என்பதால் வாயும் கொஞ்சம் அப்படித்தான்.

தங்கைக்கு ஓய்வு கிடைத்தால் இந்த வரைபடம்தான். ஊரில் எந்தக் கடை, எந்த வங்கி, எந்த மருந்தகத்துக்குள் சக்கர நாற்காலி போகும் என்று பல வருடமாகக் குறித்துவருகிறாள். போகும் என்றால் வரைபடத்தில் அந்த இடம் பச்சை, போகாதென்றால் சிவப்பு. சம்பளம் கிடையாது, யாரும் நன்றி சொன்னதும் கிடையாது.

3

ஞாயிறு மாலைகளில், ஒரு பள்ளிக்கூடத்தின் காலி வகுப்பறையில் வரைபடக்காரர்கள் கூடுவார்கள். பெரியவர்கள் எல்லாரும் சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அன்றைய பிரச்சினை இதுதான்: ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாகக் குறித்து வைத்திருந்தார்கள். ஒருவர் ‘ஏறலாம்’ என்று போட்டிருந்தார். ஒருவர் ‘சரிவு உண்டு’. ஒரு பேக்கரிக்கு மட்டும் ‘பரவாயில்லை’ என்று இருந்தது. விசாரித்ததில் அதைப் போட்டவர் பேக்கரிக்காரரின் மாமனார்.

இனி எல்லாருக்கும் மூன்றே குறிச்சொல், ஆம், ஓரளவு, இல்லை என்று முடிவானது. அதுவரை சுமுகம். பிறகு ரசமட்டம் எழுந்தார்.*

“நூலகத்துக்கு ‘ஆம்’னு போட்டது நீங்கதானே? வாசல்ல ரெண்டு படி இருக்கே.”

“எங்க அக்கா வாரா வாரம் உள்ள போறாங்க,” என்றாள் தங்கை. “நான்தான் கூடப் போறேன். எனக்குத் தெரியாதா?”

“அதைத்தான் கேக்கறேன். நாற்காலி எப்படி மேல ஏறுது?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கைகள் சொல்லிவிட்டன. இரண்டு கையும் காற்றில் எதையோ பிடித்துப் பின்னால் சாய்த்தன, முழங்கால் ஒரு முட்டு கொடுத்தது, மறுபடி ஒரு முட்டு. வகுப்பறை மொத்தமும் பார்த்தது. கடைசியாகத்தான் அவள் பார்த்தாள்.

(இரண்டு படியை ஒருத்தி எப்படி மறப்பாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவளை நம்பாமல் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். உங்கள் வீட்டுக் கதவை லேசாகத் தூக்கித்தான் திறக்க வேண்டும் என்பது, விருந்தாளி வந்து திணறும்போதுதானே உங்களுக்கே நினைவு வருகிறது? அவள் பொய் சொல்லவில்லை. படியைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.)

ரசமட்டம் குரலைத் தணித்தார். “உங்களைக் குத்தம் சொல்லலம்மா. ஒரு ஆள் தனியா வந்தா ஏற முடியுமா? இந்தக் கேள்விக்குத்தான் டேக். கூட வர்றவங்க பலத்தை அதுல சேர்க்கக் கூடாது.”

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவளும் கை தூக்கினாள்.

* ரசமட்டம் அவருடைய வரைபடப் பெயர். தொழில் லிஃப்ட் மெக்கானிக். இவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ரசமட்டத்துக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. ஆகாவிட்டாலும் நான் பண்ணிவைக்க மாட்டேன்.

4

இதில் என்ன பெரிய விஷயம், மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றும். விஷயம் இருக்கிறது. தங்கைக்கு வேறு ஊரில், பெரிய லென்ஸ் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. அவள் தயங்கியபோது அக்காதான் தைரியம் சொன்னாள்.

“நீ கெளம்புடி. நான் மேப்பைப் பாத்துட்டேன். ஊரே பச்சைப்பசேல்னு இருக்கு. எனக்கென்ன?”

அந்தப் பச்சையெல்லாம் தங்கை போட்டது. ஒவ்வொரு பச்சைக்குப் பின்னாலும் அவள் முழங்கால் இருந்தது. திருத்தினால் அக்காவின் ஊர் சுருங்கிப்போகும், அதைப் பார்த்துவிட்டு இவளால் கிளம்ப முடியாது. திருத்தாவிட்டால் அக்கா ஏதோ ஒரு வாசலில் தனியாகப் போய் நிற்பாள்.

5

முடிவு அ: தங்கை திருத்தவில்லை. பேருந்தில் ஏறிவிட்டாள். சன்னலோரம் அவள்—

(அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு ஆ: வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டு, கடைசிவரை அக்காவோடு—

(தியாகம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அக்கா நாற்காலியை என் மேலேயே ஏற்றிவிடுவாள்.)

நடந்தது இது. தங்கை சமையலறை மேசையில் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்தினாள். தையல்கடை சிவந்தது. வங்கி சிவந்தது. தியேட்டர், நீச்சல்குளம். அக்கா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

“இத்தனை இடத்துலயும் நீயாடி என்னைத் தூக்கினே?”

“தூக்கலக்கா. லேசா சாச்சு…”

“நாற்காலியில உக்காந்திருந்தது நான்தான். எனக்கே கதை சொல்லாதே. இவ்ளோன்னு நெனச்சுப் பாக்கல, அவ்ளோதான்.”

“நான் அந்த வேலைக்குப் போகலக்கா.”

“வாயை மூடு. நீச்சல்குளத்துக்குப் போகணும்னு நான் எப்போ கேட்டேன்? நீதான் இழுத்துட்டுப் போனே. தியேட்டர்ல எனக்குத் தூக்கம்தான் வரும். அதெல்லாம் சிவப்பாவே கெடக்கட்டும்.” அவள் விரல் திரையில் நகர்ந்துகொண்டே வந்து நூலகத்தில் நின்றது. அதற்கு மட்டும் அவளிடம் கிண்டல் இல்லை.

“இதை ‘ஓரளவு’ன்னு போட்டுடவா?” என்றாள் தங்கை மெதுவாக.

“பேசி முடிவு பண்ணதை எனக்காக மாத்துவியா? இன்னொருத்தி அதை நம்பி வந்து நிப்பாளே. இல்லைன்னு போடு.”

தங்கை போட்டாள். பிறகு அழுதாள். எழுதும்போது நானும் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை.

6

மறுநாள் தங்கை கண்ணாடிக்கடைக்குப் போனபின், அக்கா தனியாக நூலகத்துக்குப் போனாள். படிக்குக் கீழே நாற்காலியை நிறுத்தினாள். படியோரத்து இரும்புக் கைப்பிடியில் சாவிக்கொத்தால் ஓங்கித் தட்டினாள்.

“என்னை யாரும் தூக்க வேணாம். உள்ள இருக்கறவங்க கொஞ்சம் வெளிய வாங்க. இந்தப் படியைப் பத்திப் பேசணும்.”

நூலகர் மாடியில் இருக்கிறார், அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அருகே ஒருவர் மட்டும் தலை குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன வயது, என்ன உடை என்று நான் எழுதவில்லை, ஏனென்றால் அது நீங்கள்தான். சத்தம் உங்களுக்குக் கேட்டது. இந்தக் கதையில் இன்னும் ஒரு வரி பாக்கி, முடித்துவிட்டு எழுந்து போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. அவள் மறுபடியும் தட்டுகிறாள்.