புளி போட்டுத் தேய்த்த முகம்

பழைய துறைமுகத்துப் பக்கம் நாணயக்கடை வைத்திருக்கும் தங்கதுரையின் முகம் ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை கண்ணாடியாகிவிட்டது. அன்றைக்குச் சாளை மீனும் விலை ஏறியிருந்தது. காப்பி கொண்டுவந்த அவன் மனைவி சந்தனமாரி, அவன் நெற்றியைப் பார்த்துத் தன் பொட்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லதாப் போச்சு, பீரோ கண்ணாடி ஒடஞ்சுல்லா கெடந்துச்சு" என்றாள்.

முந்தின நாள் நடந்தது தங்கதுரைக்கு மட்டும் தெரியும். சேகரிப்பவர்களுக்கென்றே நாணயச்சாலையில் தனியாக அடிக்கும் புரூஃப் நாணயத்தை அவன் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் விளக்குவான்: உப்பளத்துப் பாத்தி போல இருக்கும், தரை தண்ணீராகப் பளபளக்கும், உருவம் மட்டும் உப்பாக வெளுத்து நிற்கும். அப்படி விளக்கிய வாயோடு, சாதாரண நாணயம் ஒன்றைக் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்து, பள்ளிக்கூடத்துச் சேக்காளி ஆன்றோவுக்குப் புரூஃப் என்று விற்றிருந்தான். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டும் ஆன்றோ அதை உற்றுக்கூடப் பார்க்கவில்லை. "நீ சொன்னா சரிதாம்ல" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நாசரேத் நாணயக் கண்காட்சியில் தன் பெயரோடு ஒரு நாணயம் வைக்க வேண்டும் என்பது அவனுக்குப் பல வருஷத்து ஆசை.

கடைக்கு வந்தவர்கள் தங்கதுரையின் கன்னத்தைப் பார்த்துத் தலைசீவிக்கொண்டார்கள். அவனும் கூச்சமில்லாமல், "ஆண்டவன் என்னையே புரூஃபா அடிச்சிட்டாம்லா" என்று பெருமையடித்தான். கண்காட்சி நடத்தும் ஜெமிமா, ஆன்றோவின் நாணயத்தைப் பார்க்க அந்தக் கடைக்கே வந்தவள், லென்ஸை முதலில் இந்த முகத்துக்குத்தான் வைத்தாள்.

"அண்ணாச்சி, கன்னம் மின்னுது, சரி. மூக்கும் இமையும் மீசையுமா மின்னும்? இது அடிச்சதில்ல, தேச்சது."

கூட நின்ற ஆன்றோ சிரித்தான். சிரித்தபடியே பையிலிருந்து நாணயத்தை எடுத்தான். தரையும் மின்னியது, உருவமும் மின்னியது. அவன் சிரிப்பு நின்றது தங்கதுரையின் முகத்திலேயே தெரிந்தது.

"புளிதாம்ல" என்றான் தங்கதுரை, யாரும் கேட்காமலேயே.

ஆன்றோ நாணயத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

பிறகு தங்கதுரை முகத்தில் சாம்பல் பூசிப் பார்த்தான், கடல்தண்ணீரில் கிடந்து பார்த்தான். பழைய மேனி திரும்பவில்லை. வெட்கப்பட்டுத் தலைகுனிந்தால் வெளிச்சம் தெருவெல்லாம் ஓடி, போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எதிர்க்கடை சுடலைச்செல்வி கண் கூசுகிறதென்று படுதா கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம், தன் மகள் கல்யாணத்தன்று, கோட்டும் டையுமாக ஆன்றோ கடைவாசலில் வந்து நின்றான். தங்கதுரை அசையாமல் முகத்தைக் கொடுத்தான். டையைச் சரிசெய்கையில் ஆன்றோவின் மூச்சுப் பட்டுக் கன்னம் மங்கியது. அவன் கைக்குட்டையை எடுத்து, தேய்க்காமல், பையவே ஒத்தி எடுத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தான்.