விசாலாட்சி டீச்சரின் கிணறு

“டீச்சர், கடலைப் பத்தி எழுதினா சிலேட்டு ஏன் நனையுது?” என்று சைனம்பு கேட்டபோது, தீவிலிருந்த புரோத்ராபூர் பள்ளியின் தமிழ் வகுப்பில் கணுக்கால் அளவு கடல்நீர் நின்றது. ஆண்டு 1962. பிள்ளைகள் பெஞ்சில் ஏறி அலறினார்கள். விசாலாட்சி டீச்சர் சிலேட்டை வாங்கி வாசித்து, “நல்லா எழுதியிருக்கே. அலை திரும்பிப் போனதை எழுதலையே?” என்றார். அவள் எழுதினாள். நீர் வடிந்தது. நண்டுகள் மட்டும் மிஞ்சின.

அதன்பின் சைனம்புவால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு மாலை அவள் வாப்பா சேக் தாவூதின் கடையில், அவள் எழுதிய கடலில் ஒரு மூட்டை சீனி கரைந்தோடியது. அவர் பள்ளிக்கே வந்தார்.

“மெயின்லேண்ட் கப்பல் வர்ற வரைக்கும் சீனிக்கு எங்க போவேன் டீச்சர்? இவ எழுத்து இன்னையோட கத்தம்!”

“கடையில வேணாம் பாய். என் வீட்டுல எழுதட்டும். எங்கிட்ட கரையறதுக்கு என்ன இருக்கு?”

இறைவன் ஒருவருக்கு வரம் தருகிறான். அதைத் தாங்க வேறொருவர் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறான். சுத்த சைவமான டீச்சரின் பூஜை அலமாரியில் சாளை மீன் துள்ளிய நாளிலும், அதை முறத்தில் அள்ளி வெளியே விட்டுவிட்டு, “அடுத்த பத்தியைப் படி” என்றார். பள்ளி முடிந்தது, நிக்காஹ் ஆயிற்று, சைனம்பு கார் நிக்கோபார் தீவுக்குப் போனாள். அவள் கதைகளை மெட்ராஸ் பத்திரிகைக்காரர்கள் வெயிலில் காயவைத்து அச்சிட்டார்கள்.

1974இல் அவள் டீச்சரைப் பார்க்க வந்தபோது, அவர் கோயிலுக்குப் போயிருந்தார். கிணற்றில் இறைத்துக் குடித்தவள் துப்பிவிட்டாள். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மரகதம் கத்தினாள்.

“அரே, அதைக் குடிக்காதே! நீ எழுதின தண்ணி பூரா இறங்கி, கிணறு எப்பவோ உப்பாப் போச்சு. இத்தனை வருஷமா டீச்சர் மேட்டுக் குழாயிலேர்ந்துதான் சுமக்கிறாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க. அய்யய்யோ, சொல்லிட்டேனே!” என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சைனம்பு கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தாள். டீச்சர் பிறந்த ஊரில் தாமிரபரணி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. கடலைத் தவிர எதையும் எழுதாதவள், அந்த ஆற்றை எழுதினாள். தாளைக் கிணற்றில் விட்டுவிட்டு, டீச்சருக்காகக் காத்திராமல் கப்பலடிக்கு நடந்தாள்.

கோயிலிலிருந்து திரும்பிய டீச்சர் கால் கழுவ நீர் இறைத்தார். உதட்டில் ஒரு துளி தெறித்தது. உப்புக் கரிக்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, அந்த நீரிலேயே உலை வைத்தார்.