பழசு போட்ட மேஜை

சங்கிலியின் அடுத்த அடி விழுந்தபோது மேஜையின் இழுப்பறை தானாகத் திறந்துகொண்டு, உள்ளே இருந்த பித்தான்கள் தரையெங்கும் உருண்டன. பட்டறையில் 'கீறல்' என்று பெயரெடுத்த பெயின்டர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். நீலப் பித்தான். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையிலும் வெள்ளைப் பித்தான்களுக்கு நடுவே அதே நீலத்தில் ஒன்று தைத்திருந்தது. "என்ன, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று காலையில்தான் அதைக் காட்டி மனைவியை நக்கலடித்துவிட்டு வந்திருந்தார். இப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாகப் பெயின்ட் அடித்து, உப்புத்தாளால் சுரண்டி, ஓரங்களில் அழுக்குக்காகக் கறுப்பு பூசி, இதோ சங்கிலியாலும் சாத்திக்கொண்டிருப்பது சொந்த வீட்டு மேஜையை. அவள் தையலுக்குத் துணி வெட்டுகிற மேஜை.

அவருடைய பிழைப்பே அதுதான். நன்றாக இருக்கும் சாமானைக் கெடுத்து, கெடுத்ததற்குக் கூலி வாங்குவது. அடியில் கறுப்பு, ஓரங்களில் மெழுகுவத்தித் தேய்ப்பு, அதன்மேல் பால் வெள்ளை. காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் மெழுகு பட்ட இடத்தில் வெள்ளை உரிந்து, காலகாலமாகக் கை பட்டுத் தேய்ந்த மாதிரி வந்துவிடும். பட்டறையில் இதற்குப் 'பழசு போடுவது' என்று பெயர். சங்கிலியால் அடித்துத் தழும்பும், ஆணியால் குத்திப் புழு ஓட்டையும் போட்டுத் தருவார். போன வாரம் ஒரு அம்மாள், "ஓட்டையெல்லாம் இடது பக்கமா வரட்டும், வலது பக்கம் சுவர் மறைச்சிடும்" என்றாள். "புழுகிட்ட சொல்லிடறேம்மா" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு வாங்கின கட்டிலை மொட்டை மாடியில் மழைக்குப் போட்டுவிட்டு, யாருமே படுக்காத கட்டிலுக்குத் தேய்மானம் கேட்டு வருகிற ஜென்மங்கள். "தானா தேய்க்க உடம்பு வளையல, அதுக்கும் ஆள் வேணும்" என்று சாப்பாட்டு வேளையில் அவர் சொன்னால் பட்டறையே சிரிக்கும்.

இன்று அவர் சங்கிலியைக் கீழே வைத்தார். மேஜைப் பலகை முழுக்கக் கத்தரிக்கோல் ஓடிய கோடுகள் இருந்தன. அசிங்கமாக இருக்கிறதே என்று முதல் நாளே பட்டி பார்த்து அடைத்துவிட்டார். நிஜத் தேய்மானம் வாங்குகிறவர்கள் எடுக்கிற போட்டோவில் எடுபடாது. நிஜத்தை அடைத்துவிட்டு அதன் மேலேயே பொய்யைச் சுரண்டியிருக்கிறார், மகா கலைஞன்.

"ஏம்ப்பா, இது எங்க வீட்டு மேஜை" என்றார் பட்டறைத் தச்சரிடம்.

"ஆமாண்ணே. அதான் அடியில 'பழசு'ன்னு எழுதி வச்சேன்."

"பழசுன்னா பழசு போடணும்னுதானே?"

"பழசுன்னா பழசு, தொடாதீங்கன்னு. சொந்த வீட்டுச் சாமான் உங்களுக்குத் தெரியாதுன்னு நான் கனவா கண்டேன்?"

எப்படித் தெரியும்? வீட்டுப் பின்னறையில் எப்போதும் துணி மூடியே கிடக்கும். அந்த அறைக்குள் அவர் போவதில்லை. வாசலில் நின்று ஏதாவது நக்கல் சொல்வதோடு சரி.

"இங்க எதுக்கு வந்துச்சு?"

"காலு ஆடுதுன்னு அண்ணி அனுப்பினாங்க. நீங்க பெயின்ட் வாங்கப் போயிருந்தீங்க."

"இத்தனை வருஷமா ஆடினதுதானே. இப்ப என்ன அவசரம்?"

தச்சர் உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். "அதை வீட்ல கேளுங்கண்ணே."

மகளுக்குப் போன் போட்டார். "அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்றாள் அவளும். உடனே வைத்துவிட்டாள்.

அவர் மண்டியிட்டுப் பித்தான்களைப் பொறுக்கினார். நிறம் வாரியாகப் பிரிக்கவும் செய்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி உள்ளே வந்தது. அந்தப் பெண் மேஜையைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "யாரோ ரொம்ப ஆசையா வச்சிருந்த மாதிரியே இருக்குல்ல? விலைக்கா?"

வாயில் நக்கல் வண்டி வண்டியாக வந்தது. ஆனால் "இல்லம்மா" என்றுதான் சொன்னார்.

சாயங்காலம் மனைவி சாமான் வண்டியோடு வந்தாள். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பலகையைத் தடவிப் பார்த்தாள், கோடுகளைத் தேடுகிற மாதிரி. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை.

"தின்னர் போட்டு ரெண்டு நாள்ல எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றார்.

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"எங்க போகுது?"

"அக்கா வீட்டுக்கு."

"மேஜையா?"

"மேஜையும்."

அவர் சிரித்துப் பார்த்தார். "உங்க அக்கா வீட்ல ஆள் நிக்கவே இடம் கிடையாது. ரெண்டும் எப்ப திரும்புது?"

எதைக் கேட்டாலும் 'பாப்போம்' என்று நகர்ந்துவிடுகிறவள், இந்த முறை நகரவில்லை.

"திரும்பாதுங்க. இங்க நாள் முழுக்க வர்றவங்களை மட்டமா பேசறீங்க. மிச்சத்தை வீட்ல வந்து பேசறீங்க. துணி குடுக்க வர்றவங்க உங்க வாய்க்குப் பயந்தே வராம நின்னுட்டாங்க. எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. நான் இனிமே வரல."

கோபமே இல்லாத குரல். ஜாக்கெட்டுக்கு அளவு சொல்கிற குரல்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

பிடித்தார். இருவருமாகத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். ஓரங்களில் அழுக்கு மாதிரித் தெரிவதற்காகக் காலையில் பூசியிருந்த கறுப்பு இன்னும் காயவில்லை. வண்டி கிளம்பித் திரும்பும்போது பார்த்தார்: மேஜையின் ஒரு முனையில் அவள் விரல்கள், மறுமுனையில் அவருடையவை, ஒன்றும் கலையாமல் அப்படியே பதிந்திருந்தன.