கௌசரின் இடது இமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு கௌசர் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கண்ணாடி முன் அண்ணாந்து நின்று இடது கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்கு மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மருந்து வேலை செய்ய அரைமணி நேரம் பிடிக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்த இடது இமைதான் பிரச்சினை. வலது கண் முழித்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க, இடது கண் மட்டும் மத்தியானத் தூக்கத்துக்குப் பாதி வழி போய்விட்டதுபோல் தொங்கியது. மருந்து விட்டால் தூக்கும். மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு கடை ஷட்டர் மாதிரி மெல்ல இறங்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் ஒத்திகை பார்த்ததில் ஒன்று போயிற்று. இது இரண்டாவது.

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் கௌசருக்குத் துணிக்கடை. இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறாள். தமிழில் கேட்டால் தமிழில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் மறுப்பாள். வாய் மறுப்பதற்கு முன்னாலேயே நெற்றி மறுத்துவிடும். இரண்டு புருவத்துக்கும் நடுவே இரண்டு கோடுகள் நட்டமாக எழுந்து நிற்கும். அவை எழுந்துவிட்டால், இதற்குக் கீழே இறங்கமாட்டாள் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அடுத்த கடையைப் பார்ப்பார்கள். யாருக்கும் நேரம் வீணாகாது.

அந்தக் கோடுகளை ஊசி போட்டு எடுத்ததற்குக் காரணம் ரோஷன் பீ.

ரோஷன் பீ, மாப்பிள்ளை அர்பாஸின் அம்மா. குந்தாரப்பள்ளிக்காரர். அர்பாஸும் கௌசரின் மகள் ஜைபாவும் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள். ஒரே பஸ்ஸில் ஒன்றரை வருஷம் போய்வந்து, பிறகு வீட்டில் சொன்னார்கள். போன மாதம் ரோஷன் பீ தனியாக ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். போனபின் மகனிடம், "பொண்ணு தங்கம். பொண்ணோட அம்மாவுக்குத்தான் என்ன கோவம்னு தெரியல" என்று சொன்னாராம். அர்பாஸ் அதை ஜைபாவிடம் சொல்ல, ஜைபா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். அவள் சிரித்துவிட்டு மறந்துவிட்டாள். கௌசருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மறக்கவுமில்லை.

பத்து நாள் முன்பு, வியாழக்கிழமை மதியம், ஒருவருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போய் நெற்றியில் ஊசி போட்டுக்கொண்டாள். அங்கிருந்த நர்ஸ் எஸ்லின் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. கௌசர் தலையாட்டிவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் நெற்றி கனத்து, மண்டையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் வலித்தது. ஐந்தாம் நாள் இமை இறங்கிய பிறகுதான் எஸ்லினுக்கு போன் செய்தாள்.

"அன்னிக்கு நெத்தியைத் தேய்ச்சீங்களாக்கா?"

"இல்லம்மா."

"படுத்தீங்களா?"

"கடையில எங்க படுக்கறது? தலைவலி தாங்காம தைலம் போட்டேன், அவ்வளவுதான்."

"எப்படிப் போட்டீங்க?"

"தைலத்தை எப்படிப் போடுவாங்க? தேய்ச்சுத்தான்."

"தேய்க்கக் கூடாதுன்னுதானேக்கா சொன்னேன்" என்றாள் எஸ்லின். பிறகு, மருந்து கீழே இறங்கி இமையைத் தூக்குகிற தசையைத் தளர்த்தியிருக்கும், ஆறு வாரமோ இரண்டு மாதமோ ஆகலாம், தானாகச் சரியாகிவிடும் என்றாள். டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

ஜைபாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். கணவர் அஜாஸிடம் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்தாள். அவரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனிதர் ஒரு தினுசாக நடந்துகொண்டார். பரணில் இருக்கும் இரண்டு குண்டானையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் இறக்கச் சொன்னார். இறக்கியதும் மறுபடி ஏற்றச் சொன்னார். "எங்க, ஒரு தடவை சிரி" என்றார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒருநாளும் கேட்டதில்லாத ஒன்று அது. சிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு வண்டி வரவில்லை. அர்பாஸின் போன்தான் வந்தது. ஜைபா பேசிவிட்டு வந்தாள்.

"சானமாவுக் காட்டுலருந்து ரோட்டுக்கு யானை எறங்கியிருக்காம்மா. ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்திட்டாங்களாம்."

"எவ்வளவு நேரமாகும்னு கேட்டியா?"

"யானைகிட்டத்தான் கேட்கணும்."

கௌசர் வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடந்தாள். பிரியாணி தம்மில் இருந்தது. அதற்கும் இமைக்கும் ஒரே கவலைதான். இரண்டும் நேரத்துக்குப் பரிமாறப்பட வேண்டியவை. ஒரு மணிக்கு அடுத்த போன் வந்தது. யானைகள் ரோட்டைத் தாண்டிவிட்டன, வண்டிகளை விடப்போகிறார்கள். இமை அதற்குள் தளர ஆரம்பித்திருந்தது. மூன்றாவது சொட்டையும் விட்டுவிட்டாள். இருபது நிமிஷம் கழித்து மறுபடி போன்.

"ஒரு யானை திரும்பி வந்துருச்சாம்மா."

"எதுக்கு?"

"எதையாச்சும் மறந்து வச்சிருக்கும்."

"நீ சிரிடி. உன் கல்யாணம்தான் ரோட்டுல நிக்குது."

அது சும்மா சொன்ன பேச்சு இல்லை. அர்பாஸின் அப்பா ஜமீர் அகமது, குந்தாரப்பள்ளிச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டுத் தரகர். அவருடைய மூத்த மகளைக் கொடுத்த இடத்தில், மாப்பிள்ளைக்கிருந்த நோயை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். நோயை ஜமீர் அகமது வீட்டார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். மறைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பெண் ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். இந்தச் சம்பந்தம் பேசிய முதல் நாளே அவர் போனில் அஜாஸிடம் சொல்லியிருந்தார்: "சீர் செனத்தி எதுவும் வேணாம் பாய். உடம்புல எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சா நான் சும்மா இருக்கமாட்டேன்."

அவர்கள் வந்து சேரும்போது மூன்றரை. இமை அப்போதைக்கு நின்றுகொண்டிருந்தது. சாப்பிட்டார்கள். அடி கொஞ்சம் பிடித்துப்போன பிரியாணியை ஜமீர் அகமது நன்றாக இருக்கிறது என்றே சொன்னார். சானமாவு யானைகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பேசும்போதே அவர் கண் வீட்டை அளந்துகொண்டிருந்தது. மாட்டின் வயதைக் கொம்பில் விழும் வளையத்தை வைத்துச் சொல்வார்கள். விற்கிறவர்கள் சில பேர் கண்ணாடிச் சில்லால் கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, வளையமே இல்லாமல் ஆக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முப்பது வருஷம் அதைக் கண்டுபிடித்துச் சாப்பிட்ட கண் அது.

டீ வந்தது. ரோஷன் பீ பேச்சை எடுத்தார்.

"நிக்காஹ்வை எங்க பக்கம் கிருஷ்ணகிரியிலயே வச்சுக்கலாமா கௌசர்? சொந்தக்காரங்க எல்லாம் அங்கதான்."

கௌசருக்குள் இருபத்திரண்டு வருஷத்து வியாபாரி துள்ளியெழுந்தாள். பெண் வீட்டில்தானே நிக்காஹ், ஓசூர்தான், வேறு பேச்சே இல்லை. ஆனால் எழ வேண்டிய இரண்டு கோடுகளும் எழவில்லை. நெற்றி துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"பேசிக்கலாம்க்கா" என்றாள்.

"உங்களுக்கு இஷ்டமா, இஷ்டமில்லையா? முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

அந்த நேரம் பார்த்து இமை இறங்கத் தொடங்கியது. கௌசருக்கே தெரிந்தது. கூடத்தின் மேல்பாதி இடது பக்கத்தில் மறைந்துகொண்டே வந்தது. கை தன்னிச்சையாக முந்தானையைத் தேடிப் போய்க் கண்ணைத் துடைப்பதுபோல் நடித்தது. ஜமீர் அகமது டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தார்.

"அஜாஸ் பாய், வீட்டுல உடம்புக்கு ஏதாச்சும்..."

"ஒண்ணுமில்ல பாய். தூசி" என்றார் அஜாஸ். சொல்லும்போது குரல் உடைந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். பாதி டீயோடு தலையைக் குனிந்துகொண்டார்.

ஜமீர் அகமது கௌசரைப் பார்த்தார். அஜாஸைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி பாய். வீட்டுல கலந்து யோசிச்சுச் சொல்றோம்."

இதன் அர்த்தம் கௌசருக்குத் தெரியாதா? ஐம்பது புடவையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு, பார்த்துவிட்டு வருகிறோம் என்று படியிறங்கிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. உள் அறைக் கதவருகே ஜைபா நின்றாள். அர்பாஸ் அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினான். ரோஷன் பீ ஏற்கெனவே வாசல் தாண்டியாயிற்று.

கௌசர் பின்னாலேயே போய்ப் படியில் நின்றாள். அவர்கள் காருக்குள் ஏறிவிட்டால் முடிந்தது.

"பாய், ஒரு நிமிஷம். எனக்கு நோய் எதுவும் இல்ல. நெத்தியில கோடு போறதுக்கு ஊசி போட்டேன். தைலத்தைத் தேய்ச்சுத் தொலைச்சேன். மருந்து கண்ணுக்கு எறங்கிருச்சு. ரெண்டு மாசத்துல சரியாயிரும்."

ஜமீர் அகமது கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளும் நின்றுவிட்டாள்.

"கோடு போறதுக்கு ஊசியா?"

"ஆமாங்க."

"கோடு போறதுக்கு ஊசி இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"என்னைக் கேட்டா? நான் என்ன போட்டேனா?"

அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. கௌசர் போனை எடுத்து எஸ்லினை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததும், இவள் ஹலோ சொல்வதற்குள்ளேயே எஸ்லினின் குரல் தெருவுக்குக் கேட்டது.

"என்னக்கா, மறுபடியும் தைலம் தேய்ச்சீங்களா?"

அர்பாஸ்தான் முதலில் சிரித்தான். பிறகு ஜைபா. ஜமீர் அகமது சிரிக்கவில்லை. போனை வாங்கி, ஊசி எங்கே போட்டது, இமை ஏன் விழுந்தது, எப்போது எழும், மறுபடி விழுமா என்று சந்தையில் கேட்பதுபோல் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்லின், பேஷன்ட் விஷயத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்றாள். "சொல்லும்மா, சம்பந்திதான்" என்று கௌசர் பக்கத்திலிருந்து கத்தினாள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. ஜமீர் அகமது அதை மறுக்கவில்லை.

ரோஷன் பீ படியேறி வந்து, கட்டைவிரலால் கௌசரின் நெற்றியை அழுத்திப் பார்த்தார்.

"வந்தப்பவே நெனைச்சேன். கையைப் பார்த்தா அம்பது சொல்லுது, நெத்தியைப் பார்த்தா முப்பது சொல்லுது. கொம்பு சீவின மாடு மாதிரி."

"மாடுன்னே சொல்லிட்டீங்க. பல்லையும் பார்த்துக்கங்க."

"அதெல்லாம் அவர் பார்ப்பாரு."

அப்போதுதான் கௌசர் திரும்பிப் பார்த்தாள். அஜாஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். பெங்களூரில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் பெயரில் முன்பதிவு.

"பக்கவாதம்னு நெனைச்சேன்" என்றார். "எங்க கம்பெனியில பாதுகாப்பு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. சிரிக்கச் சொல்லணும், ரெண்டு கையையும் தூக்கச் சொல்லணும்னு. குண்டானை எதுக்கு எறக்கச் சொன்னேன்னு நெனைச்ச?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கறதுதானே."

"கேட்டு, நீ ஆமான்னுட்டா?"

கௌசருக்குக் கண் நிறைந்தது. இரண்டு கண்ணிலும் சமமாகத்தான் நிறைந்தது. நெற்றி மட்டும், யாரோ எவரோ என்று, அசையாமல் இருந்தது.

எல்லாரும் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மறுபடி டீ போட்டார்கள். ஜமீர் அகமது போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு மாசம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. இமை எழும்பட்டும், அப்புறம் தேதி வைப்போம். போட்டோவுல ஒரு கண்ணு மூடியிருந்தா, நான்தான் யானைக் கதை பேசித் தூங்க வச்சேன்னு ஊர்ல சொல்லுவாங்க."

"அந்தக் கோடு திரும்பி வருமா?" என்று கேட்டார் ரோஷன் பீ.

"நாலு மாசத்துல வந்துரும்னாங்க."

"வரட்டும். மறுபடி போய் ஊசி குத்திக்காதீங்க."

"நீங்கதானேக்கா கோவக்காரின்னு சொன்னீங்க."

"கோவக்காரின்னு சொன்னேன். வேணாம்னா சொன்னேன்? நிக்காஹ் எங்கன்னு கேட்டா முகத்துல ஒரு பதிலைக் காணோம். நான் யார்கிட்ட பேசறது, செவுத்துக்கிட்டயா? இன்னும் மண்டபம் இருக்கு, சமையல்காரர் இருக்கு, எத்தனை பேருன்னு இருக்கு. இப்பத்தான் பேச்சே ஆரம்பிக்குது."

இடது இமை முழுதாக இறங்கிவிட்டிருந்தது. இன்றைக்கு இனி சொட்டு மருந்து கிடையாது. கௌசர் ரோஷன் பீயை நோக்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு விரலைப் புருவங்களுக்கு நடுவே வைத்து, தோலை இறுக்கிப் பிடித்து, இரண்டு கோடுகளையும் நட்டமாக எழுப்பிக் காட்டினாள்.

"நிக்காஹ் ஓசூர்லதான். இப்பத் தெரியுதா?"