நான்காவது ஜோடி ஸ்பீக்கர்

மூன்றாவது ஜோடி ஸ்பீக்கரையும் திருப்பிக் கொடுக்க அவர் உள்ளே நுழைந்தபோது, கடைக்காரர் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லவும் மறந்து நின்றுவிட்டார். பின்னாலேயே மனைவி வந்தாள், ஒரு ஸ்பீக்கரைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

"இதுலயும் மேல் சத்தம் வரல சார்," என்றார் அவர். "மணி அடிச்சா போர்வைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு."

நெசவாலையில் வேலை பார்த்த காலத்தில் அவருக்குத் தாளம் என்றுதான் பெயர். கொட்டகை நிறையத் தறிகள் ஓடும். மற்றவர்கள் எப்போது சங்கு ஊதும் என்று காத்திருக்க, அவர் மட்டும் தறியின் ஓட்டத்துக்கு மேலே இன்னொரு தாளம் சேர்த்து இரும்புக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு நிற்பார். ஆலையில் எல்லோருக்கும் காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிற அடைப்பான் கொடுத்தார்கள், நுரை மாதிரி மெத்தென்று இருக்கும். அவர் மறுக்காமல் வாங்குவார், வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். "அதைச் செருகினா பாட்டு கேக்காதே," என்பார். மேஸ்திரி திட்டித் திட்டி வாய் ஓய்ந்துபோனார்.

வேலை முடிந்தது, மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அவளுடைய அறை காலியானதும் அதை ஸ்டூடியோ ஆக்கப்போவதாக அவர் சொன்னார். ஸ்டூடியோ என்றதும் கண்ணாடித் தடுப்பும் சுழல் நாற்காலியும் என்று நினைத்துவிட வேண்டாம். மகள் படித்த மேசை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர், சுவரில் எதிரொலி அடங்க ஒட்டிய நுரைப் பலகை, அவ்வளவுதான். "இந்த வயசுல மிஷின் சங்கீதமா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "அவர் வீடு, அவர் அறை, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று ஒரே போடாகப் போட்டாள் மனைவி.

சாமான் வாங்குவதில் அவர் புதுமாப்பிள்ளை மாதிரி அலைந்தார். கீபோர்டை வாசிக்காமல், கட்டை ஒவ்வொன்றும் விரலைத் திருப்பித் தள்ளுகிறதா என்று அழுத்திப் பார்த்தே எடுத்தார். கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைக்கும் பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயராம். அதன் திருகைக் கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பார்த்து, "இது வெண்ணெய்," என்றார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் தனக்கென்று ஒரு பொருளை ஆசையாகத் தொட்டுப் பார்த்ததை அவள் அன்றுதான் கண்டாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பேத்தி பிறந்தாள். முதல் பாட்டு அவளுக்குத் தாலாட்டு என்று முடிவாயிற்று. அடியில் தறி ஓடுகிற தாளம், தூரத்தில் கேட்பது போல மெதுவாக. அதன்மேல் சின்னச் சின்ன மணிகள். வாசித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

தாளம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு மணிகள் வந்தன. ஊசியை எடுத்துக் காதுக்குள் இறக்கிய மாதிரி இருந்தது.

"எப்படி?"

"நல்லாருக்குங்க."

"மணி கொஞ்சம் கம்மியா இல்ல?"

மறுநாள் மணிகளை இன்னும் ஏற்றினார். அதற்கடுத்த நாள் இன்னும். அவளுக்குக் காது வலி தாங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, ஆலை கொடுத்த ஆரஞ்சு அடைப்பான்களை எடுத்தாள். அன்றிலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம் அதைச் செருகி, முடியை இழுத்து மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு வழியைக் கடைக்காரர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒற்றைச் சத்தம் ஒன்று அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஏறிக்கொண்டே போகும், எங்கே அறுகிறது என்று கவனித்தால் போதும். அவர் அதைப் போட்டார். பாதி வழியில் கையை விரித்தார்.

"பாத்தியா, நின்னுடுச்சு."

சத்தம் நிற்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது, அடைப்பானையும் மீறி.

"ஆமாங்க," என்றாள். "நின்னுடுச்சு."

முன்பெல்லாம் அவர் ஒரு சொல்லுக்குத் திரும்பாவிட்டால், செவிடன் காதில் ஊதின சங்கு என்று வாய்க்கு வாய் கேலி செய்தவள் அவள். அன்றைக்கு மேல் அந்தப் பழமொழி அவள் வாயில் வரவே இல்லை.

இப்போது கடையில், அவர் அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் மெல்ல அவளருகே வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மூணுமே நல்ல ஸ்பீக்கர்தான். சாரை ஒரு தடவை காது டாக்டர்கிட்ட—"

"நீங்க ஸ்பீக்கர் விக்கிற வேலையை மட்டும் பாருங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. நல்ல மனிதர், பாவம், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உள்ளுக்குள் சிரிப்பாரோ என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு ஆடத் தெரியும். காலை எடுத்துக்கொண்டது அந்தத் தறிக் கொட்டகை. அவரும் சிரித்துக்கொண்டே காலை நீட்டியிருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றும் இல்லாமல் போய்விட்ட கிழவரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

நான்காவது ஜோடியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் குழந்தையோடு வந்தாள். குழந்தையை அம்மா மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அறையிலிருந்து அவர் கூப்பிட்டார், "பேத்தியையும் கூட்டிட்டு வா. பாட்டு அவளுக்குத்தானே."

தாலாட்டில் மணி வந்து குழந்தை அழுதால் ஏதாவது பேசியாவது மழுப்பிவிடலாம் என்று நினைத்து, அவள் அடைப்பானைச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இரு, முதல்ல ஸ்பீக்கரைப் பாத்துடறேன்," என்றார் அவர்.

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. அடியிலிருந்து ஏறியது. வழக்கமான இடம் வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் அதே கோளாறுதான்," என்று சொல்லி, கேட்கிறதா பார்ப்போம் என்று திருகை இன்னும் திருப்பினார்.

குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டது.

"எறும்பு கடிச்சிருக்கும்," என்றாள் அவள், அவசரமாக.

அவர் திருகைக் குறைத்தார். அழுகை விம்மலாகி அடங்கியது. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி மெல்லத் திருப்பினார். அவருக்கு அறையில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தையின் முகம் கோணியது, கை இரண்டும் விரைத்தன, வாய் திறந்தது. அவர் சட்டென்று சத்தத்தை நிறுத்தினார். மூன்றாவது முறை திருப்பவில்லை.

குளித்துவிட்டு ஓடி வந்த மகள், "என்னாச்சும்மா?" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் திருகைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். குழந்தை இழுத்ததில் அவள் முடி கலைந்திருந்தது. காதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் கையை உயர்த்தி மூடப்போனாள், மூடவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தாலாட்டை எடுத்தார். ரொம்பக் குறைவாக வைத்தார்.

"அதைக் கழட்டு."

அவள் கழற்றி, கீபோர்டின் ஓரத்தில் இரண்டையும் வைத்தாள். தறி ஓடத் தொடங்கியது. மணிகள் வந்தன. பாட்டு முடியும் வரைக்கும் அவர் அவள் முகத்தை மட்டுமே பார்த்தார், பேத்தியைப் பார்த்த மாதிரியே. அவளும் இந்த முறை முகத்தை மறைக்கவில்லை.

"சொல்லு," என்றார். "எந்த எடத்துல வலிக்குது?"

நல்லாருக்குங்க என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"முதல் மணியிலேருந்தேங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். முதல் மணியை அழித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்ததை அழித்தார்.