கைமாறிய குளிசைகள்

தன்னாமுனை வாவிக்கரையில் சீனித்தம்பியும் அருமைநாயகமும் ஒரே தோணியில் தொழில் செய்பவர்கள். ஒருவர் கம்பு ஊன்றித் தோணியை நகர்த்த, மற்றவர் முன்னால் நின்று வீச்சுவலை எறிவார். எறிபவரின் வலை தொடர்ந்து வெறுமையாக வந்தால், அவர் பேசாமல் வலையை மற்றவரிடம் நீட்டிவிட வேண்டும். அதில் மானக்கேடு எதுவும் இல்லை. மீன் அதே இடத்தில்தான் நிற்கும். தோளின் களைப்பு மாறினால் வலை விரியும் வட்டம் மாறும், வட்டம் மாறினால் பிடிபாடும் மாறும். இரண்டு பேருக்கும் ஒன்றும் விழாவிட்டால் தோணியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வதனி, சீனித்தம்பியின் தங்கை, அருமைநாயகத்தின் மனைவி. அவள் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோன பிறகு அருமைநாயகம் பாயை விட்டு எழும்புவதில்லை. சீனித்தம்பிக்கு உறக்கம் இல்லை. மச்சானைத் தனியாக அனுப்ப முடியாமல் நகரத்துக் கிளினிக்குக்குத் தானும் கூடப் போனார். மனச்சோர்வுக்கான புதிய மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கும் ஆய்வில் இருவரையும் சேர்த்துக்கொண்டார் டொக்டர் ஹப்ஸா.

“எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குளிசைதான் தருவம். சிலதில மருந்து இரிக்கும், சிலதில ஒண்டும் இரிக்காது. ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது.”

“ஒங்களுக்கே தெரியாட்டி மறுகா ஆருக்குத் தெரியும்?” என்றார் சீனித்தம்பி.

“கொழும்பில ஒரு கம்பியூட்டருக்குத் தெரியும்.”

“அப்ப அந்தக் கம்பியூட்டரையே நாடி பாக்கச் சொல்லுங்க” என்றார் அருமைநாயகம். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

டொக்டருக்குக்கூடத் தெரியக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. இவருக்குக் கொடுப்பது மருந்து என்று தெரிந்தால், டொக்டரின் குரலில் ஒரு நம்பிக்கை ஏறிவிடும். நோயாளி அதைப் பிடித்துக்கொள்வார். நம்பிக்கை மட்டுமே ஒரு மனிதரைக் கொஞ்ச தூரம் தூக்கிவிடும். மருந்து எவ்வளவு தூக்கியது, நம்பிக்கை எவ்வளவு தூக்கியது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த மறைப்பு.

வாரங்கள் போயின. சீனித்தம்பிக்கு உறக்கம் வந்தது, சோறு ருசித்தது. அருமைநாயகம் கிடந்தபடியே கிடந்தார். இருவருக்குமே மருந்து கிடைத்திருக்கலாம், இருவருக்குமே கிடைக்காமலும் இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சீனித்தம்பியின் மனதில் அது நிற்கவில்லை. அவர் கண்டது தோணியில் இரண்டு பேரை. ஒருவருக்கு விழுகிறது, மற்றவருக்கு விழவில்லை.

அவர் தன் குளிசைப் போத்தலை நீட்டினார். “இந்தா, புடி. ஒன்ட போத்தல எனக்குத் தா.”

“டொக்டர் ஏசுவா.”

“மீன் விழல்ல எண்டா வலைய மாத்தத்தானே வேணும்?”

அருமைநாயகம் வாங்கிக்கொண்டார். வலையை மறுக்கும் வழக்கம் இல்லை. அதன் பிறகு கிளினிக்கில் புதுப் போத்தல் கொடுக்கும் போதெல்லாம் வாசலைத் தாண்டியதும் மாற்றிக்கொண்டார்கள்.

இந்த வகை மருந்து வேலை செய்யும் விதம் வாவி நிரம்புவதைப் போன்றது. முதல் மழைக்கு நீர்மட்டம் உயர்ந்தது தெரியாது. நாளுக்கு நாள் சேர்ந்துதான் ஏறும். ஏறும்போதும் எல்லாக் கரையையும் ஒன்றாகத் தொடாது. சிலருக்கு முதலில் கைகால்களில் வலு வரும். மனதின் இருட்டு விலக இன்னும் நாள் எடுக்கும். இடைப்பட்ட அந்தக் காலம் ஆபத்தானது. சாக வேண்டும் என்ற நினைப்பு அப்படியே இருக்க, எழுந்து போவதற்கான தெம்பு மட்டும் வந்திருக்கும். அதனால்தான் ஆய்வின் தொடக்கத்தில் தாதி தனுஷியா அடிக்கடி தொலைபேசியில் கூப்பிட்டு அருமைநாயகத்தை விசாரித்தாள். தொடக்க வாரங்கள் முடிந்ததும் அழைப்புகள் குறைந்தன. போத்தல் கைமாறியது அதற்குப் பிறகு.

அருமைநாயகம் எழும்பினார். முகம் வழித்தார். கிழிந்த வலையைப் பொத்தினார். சீனித்தம்பிக்கோ தலை சுற்றியது, கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் தட்டியது போல் இருந்தது, உறக்கம் மறுபடி போயிற்று. பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் முரண்டு பிடிக்கும். அவர் அதைச் சந்தோஷமாகத் தாங்கிக்கொண்டார். மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று நினைத்தார்.

ஒரு காலையில் தோணி மட்டும் ஆளில்லாமல் மிதந்தது. எதிர்க்கரையில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அருமைநாயகத்தை மூச்சோடு தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே டொக்டர் ஹப்ஸா சீனித்தம்பியிடம் வந்தார். உயிராபத்து என்றால் மறைப்பை நீக்கிப் பார்க்க ஆய்வில் அனுமதி உண்டு. பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“ஒங்கட மச்சானுக்கு மருந்தே போகல்ல. அவருக்கு வந்தது வெறும் குளிசை. இண்டைக்கே மெய்யான மருந்தத் தொடங்குவம்.”

போத்தல் கைமாறியது டொக்டருக்குத் தெரியாது என்பதைச் சீனித்தம்பி உணர்ந்தார். வாய் திறக்காமல் இருந்தால் அந்த மருந்தையே இன்னொரு தரம், முதல் நாளிலிருந்து தொடங்குவது போலக் கொடுப்பார்கள். திறந்தால், மச்சானை வாவி வரை நடக்க வைத்தது தன் கைதான் என்று ஆகும்.

“தொடங்க வேணாம், டொக்டர். அவன் குடிச்சது என்ட குளிசைய.”

போத்தலை மாற்றிக்கொண்டதை அவர் சொல்லி முடித்ததும் ஹப்ஸா கேட்டார்.

“அப்ப நீங்க குடிக்கிறது?”

“அவன்ட.”

“நித்திர வருதா?”

“இல்ல.”

“ரெண்டு பேரும் இனி ஆய்வில இல்ல” என்றார் ஹப்ஸா. அவர் குரலில் கோபத்தை விடக் களைப்பே கூடுதலாக இருந்தது. “நாங்க பக்கத்தில நிண்டு பாக்க வேண்டிய நாளெல்லாம் பாக்காமப் போயிட்டு. தனுஷியா, அவர ஒரு நிமிசமும் தனிய விடாதீங்க. இவருக்கும் ஒரு கட்டில் பாருங்க.”

சீனித்தம்பி உள்ளே போனபோது அருமைநாயகம் கண் திறந்துதான் கிடந்தார். கதவு திறந்திருந்தது, எல்லாம் கேட்டிருந்தது.

“ஒனக்கும் விழல்லயா, மச்சான்?”

“இல்ல.”

“அப்ப தோணியத் திருப்பு.”

எந்தக் கரைக்கு என்று கேட்கச் சீனித்தம்பிக்குப் பயமாக இருந்தது. மர வாங்கை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.