எடுத்துக்கோ

பல் டாக்டர் கோல்ஃப் கோப்பைக்கு ஆசைப்பட்டு இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. வக்கீலின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் முட்டி வலியையும் பொறுத்துக்கொண்டு, நாலு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பதினெட்டுக் குழியும் நடந்து தீர்ப்பது என்று கிளம்பினார்.

டாக்டர், வக்கீல், இரும்புக்கடைக்காரர், பூகோள வாத்தியார். நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்து ஒரே பெஞ்சு. பதினோரு வருடமாக இவர்களுக்குள் ஒரு கோல்ஃப் போட்டி நடக்கிறது. நாலு ஞாயிறு, நாலு ஆட்டம். எல்லாம் சேர்த்து யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. கோப்பை என்றதும் தங்கம் வெள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். இரும்புக்கடையில் விற்காமல் கிடந்த ஒரு பித்தளைக் குவளை. ஆனால் அதற்கு இந்தக் கிழங்கள் அடித்துக்கொள்ளும் அடியைப் பார்க்க வேண்டுமே!

போன வருடம் மூன்றாவது ஆட்டத்தில் டாக்டரின் பந்து புதருக்குள் போய்விட்டது. குனிந்து தேடி, விதிப்படி கிடந்த இடத்திலிருந்தே அடித்து வெளியே கொண்டுவந்தார். பந்தும் நல்ல இடத்தில் போய் விழுந்தது. அன்று மத்தியானம் கிளப் சாப்பாட்டு அறையில் நாற்பது பேருக்கு நடுவில் வக்கீல் எழுந்து நின்றார்.

"நம்ம டாக்டர் பல்லு புடுங்குறதுல மட்டுமா கெட்டிக்காரர்? பந்தைக் காலால தள்ளுறதுலயும் கெட்டிக்காரர்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

பொய். அண்டப் புளுகு, ஆகாசப் புளுகு. டாக்டர் புதருக்குள் இருந்தபோது அந்த மனுஷன் எங்கேயோ தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் எவனையோ திட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து இல்லை என்றார். சிரித்தார்கள். சத்தியம் செய்தார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து கிளினிக்கில் உட்கார முடியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவன்கூட, "டாக்டர், கையால பண்ணுங்க, காலால வேண்டாம்" என்று கேலி பேசினான். அதையெல்லாம் டாக்டர் துடைத்துப் போட்டுவிட்டார். துடைக்க முடியாதது ஒன்றுதான். அவருடைய மகனும் பல் டாக்டர். ஒரே கிளினிக்கில் பக்கத்து அறை, வாசல் பலகையில் இரண்டு பேர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்று. ஒருநாள் கை கழுவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டான்.

"அந்தப் பந்து விஷயம் நிஜமாப்பா?"

"இல்லடா. அவன் பாக்கவே இல்ல."

"ம்" என்றான் மகன். அந்த 'ம்' டாக்டரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு வருடமாக அதைச் சுமந்துகொண்டுதான் சோறு தின்றார், தூங்கினார். வக்கீல் தன் வாயால், டாக்டரின் மகன் காதுபட, 'நான் பாக்கல' என்று சொல்ல வேண்டும். சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

வழி காட்டியவர் ஒரு நோயாளி. ஆறு வருடமாக வலது பக்கமே மென்று பழகியவர், இடது பக்கம் ஒரு ரொட்டித் துண்டைக் கடிக்கச் சொன்னால் பயந்து நடுங்கினார். பல்லில் ஒரு குறையும் இல்லை, பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். டாக்டர் கையில் கண்ணாடியோடு அப்படியே நின்றுவிட்டார்.

இந்த நாலு பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். பந்து குழிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றுவிட்டால், கூட ஆடுகிறவர் "எடுத்துக்கோ" என்று சொல்லலாம். சொன்னால் அதைத் தட்டிப் போட வேண்டியதில்லை. ஒரு அடி என்று கணக்கு வைத்துக்கொண்டு பந்தை எடுத்துக்கொள்ளலாம். சொல்வதும் சொல்லாததும் ஜோடிக்காரன் இஷ்டம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வருடம் டாக்டர் தானே வாய்விட்டு வக்கீலை ஜோடியாகக் கேட்டார்.

"பழசையெல்லாம் மறந்துட்டியா?" என்று வக்கீல் தோளில் கைபோட்டார்.

"எதைடா?" என்றார் டாக்டர். நாக்கில் தேன், நெஞ்சில் விஷம்.

முதல் ஞாயிறு. வக்கீலின் பந்து குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. "எடுத்துக்கோ." இரண்டு முழத்தில் நின்றது. "எடுத்துக்கோப்பா, நமக்குள்ள என்ன!" இரண்டாவது ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு வக்கீல் கேட்பதையே விட்டுவிட்டார். பந்து குழிக்குக் கிட்டே போனதுமே குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று ஆட்டத்தில் ஐம்பத்து நாலு குழி. ஒரு குழியில்கூட அந்த ஆள் கிட்டத்துப் பந்தைத் தட்டிப் போடவில்லை. வாத்தியாரைவிட ஒன்பது அடி குறைவாக அடித்து முதலிடத்தில் நின்றார். இப்போதே கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கடைசி இடத்தில் கிடந்தார், அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

நாலாவது ஞாயிறு காலையில் மகனிடம், "பதினோரு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வந்துடு. கார்லயே இருக்காத, கடைசிக் குழிக்கிட்ட வந்து நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் குழி. வக்கீல் பந்தை முக்கால் முழத்தில் நிறுத்திவிட்டு வழக்கம்போல் குனிந்தார்.

"வை அங்க," என்றார் டாக்டர். "போடு."

"என்னடா?"

"தட்டிப் போடு. எத்தனை தூரம்? குழந்தைகூடப் போடும்."

வக்கீல் சிரித்துக்கொண்டே தட்டினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வெளியே வந்து உட்கார்ந்தது. பழக்கம் விட்டுப்போயிற்று! அடடா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! டாக்டருக்கு முட்டி வலிகூடப் பறந்துவிட்டது.

மூன்றாவது குழியில் வக்கீல் மறுபடி தவறினார். நாலில் மயிரிழையில் விழுந்தது. ஆறில் இரண்டு முறை தவறினார். எட்டில் மட்டையை மாற்றிப் பிடித்தார், ஒன்பதில் காலை அகட்டி நின்றார், பத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தார். பன்னிரண்டில், "டேய், இதையாவது குடுடா" என்று கெஞ்சினார். "போடு" என்றார் டாக்டர். வக்கீலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோர்ட்டில் நீதிபதியையே அதட்டுகிற மனுஷன், ஒரு முழத்துப் பந்தை அடிக்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேண்டும், நன்றாக வேண்டும் என்று டாக்டர் உள்ளுக்குள் கும்மாளம் போட்டார்.

பதினெட்டாவது குழிக்கு வந்தபோது இரும்புக்கடைக்காரரும் வாத்தியாரும் முன்னாலேயே ஆடி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். கிளப்பிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மகனும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். வக்கீலின் பந்து குழிக்கு இரண்டு முழத்தில் இருந்தது. போட்டால் வாத்தியாரை ஒரு அடியில் முந்திக் கோப்பை, தவறினால் சமம், இரண்டு முறை தவறினால் போச்சு.

வக்கீல் மட்டையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மெல்லத் திரும்பி டாக்டரைப் பார்த்தார்.

ஒரு வருடம் காத்திருந்த நேரம் இதுதான். டாக்டர் மகன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எடுத்துக்கலாம். ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் நான் பந்தைக் காலால தள்ளினதை நீ பாத்தியா? உண்மையைச் சொல்லு, எடுத்துக்கோ."

"டேய், இது அநியாயம்டா!" என்று வாத்தியார் கத்தினார். இரும்புக்கடைக்காரர் அவரை அடக்கினார்.

வக்கீலின் முகம் வெளுத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் டாக்டரை நேராகப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"கனம் நீதிபதி அவர்களே! நான் பாக்கலீங்க. என் தலைமேல சத்தியமா பாக்கலீங்க. டாக்டர் காலை ஆட்டவே இல்ல. அந்தப் பந்துக்குத்தான் திடீர்னு கால் முளைச்சு அதுவா நடந்து வந்துச்சு! போதுமாங்க?"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இரும்புக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கோப்பைக்காகக் காலையும் புடிப்பான், வாலையும் புடிப்பான்!" என்று வாத்தியாரே சிரித்துவிட்டார். டாக்டர் மகனைப் பார்த்தார். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டேன்ல?" என்று வக்கீல் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டார்.

கொடுத்த வாக்கு. டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கைதட்டினார்கள், வக்கீலைத் தூக்கினார்கள். இறக்கிவிட்டதும் அவர் தள்ளாடிக்கொண்டே வந்து டாக்டரைக் கட்டிப்பிடித்தார். காதோரம் குனிந்தார்.

"நிஜமாவே பாக்கலடா. சும்மா சிரிக்க வைக்கலாம்னு அன்னிக்குச் சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல. என்னை மன்னிச்சுடு."

"என்கிட்ட ஏன்டா சொல்ற, படுபாவி! அவன்கிட்ட போய்ச் சொல்லு," டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மகனைக் காட்டினார்.

"இனிமே யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்கடா," என்றார் வக்கீல். அதற்குள் இரண்டு பேர் வந்து அவரைக் கோப்பையோடு படம் எடுக்க இழுத்துக்கொண்டு போனார்கள்.

கார் கிளப் வாசலைத் தாண்டியது. அவன் என் காதில் ஒப்புக்கொண்டான் என்று மகனிடம் சொல்லலாமா என்று டாக்டர் வாயெடுத்தார். யார் கேட்டார்கள்? கேட்டது அவர் காது ஒன்றுதான். ஒரு கண்ணாலும் பார்க்காத பொய்க்கு நாற்பது பேர் சாட்சி, உண்மைக்கு ஒரு நாதி இல்லை.

மகன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா, பாவம், அவரைப் போய் எல்லார் முன்னாடியும் அப்படிக் கெஞ்ச வச்சீங்க? இதை இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க?" கியரை மாற்றிவிட்டு, அப்பாவின் முழங்கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தான். "ஒரு தடவை தெரியாத்தனமா பண்ணிட்டீங்க, போகட்டும். நான் அதை அப்பவே மன்னிச்சுட்டேன்பா."